வேடந்தாங்கலில் ஒரு மார்கழி நாள்: பறவை பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மார்கழி பிறந்தால் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "ஞாயிற்றுக்கிழமை பிள்ளைங்கள கூட்டிட்டு வேடந்தாங்கல் போலாம்னு இருக்கோம், இப்ப பறவை இருக்குமா?" என்று ஆரம்பித்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் வரும். பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஒவ்வொரு குளிர்காலமும் அந்த ஏரிக்கரைக்குப் போய் வருகிறவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

எந்த மாதம் போவது நல்லது?

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிய பிறகுதான் அங்கே ஊர் கூடும். நவம்பரிலேயே நத்தைகுத்தி நாரைகள் வந்து குச்சி பொறுக்கத் தொடங்கிவிடும் என்றாலும், மழைக்கு நடுவில் போனால் நனைந்து திரும்புவதுதான் மிச்சம். மார்கழியில் கூடு கட்டும் வேலை மும்முரமாக நடக்கும். தை, மாசியில் குஞ்சுகளின் இரைச்சல் காதை அடைக்கும். எனக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் பொங்கலுக்கு அடுத்த வாரத்தில் ஒரு வேலைநாளைத் தேர்ந்தெடுப்பேன். காணும் பொங்கலன்று மட்டும் போகாதீர்கள். கரையில் நிற்க இடம் இருக்காது.

எப்படிப் போவது? எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?

சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 முதல் 80 கிலோமீட்டர். ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டைத் தாண்டிப் படாளம் கூட்டுரோட்டில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அங்கிருந்து வயல்வெளி நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பேருந்தில் வருகிறவர்கள் செங்கல்பட்டிலோ மதுராந்தகத்திலோ இறங்கி, ஊருக்குப் போகும் பேருந்தைப் பிடிக்கலாம். பேருந்துகள் அடிக்கடி இல்லை, திரும்பி வரும் நேரத்தை நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சரணாலயம் பொதுவாகக் காலை 6 முதல் மாலை 6 வரை திறந்திருக்கும். நுழைவுக் கட்டணமும் கேமராவுக்குத் தனிக் கட்டணமும் உண்டு. கிளம்பும் முன் வனத்துறையிடம் ஒரு முறை உறுதி செய்துகொள்வது நல்லது.

படாளத்தில் திரும்பியதும் காரின் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். பறவை பார்ப்பது அங்கேயே தொடங்கிவிடுகிறது. மின்கம்பியில் கருப்பு வெட்டுவாலும் பனங்காடையும் இருக்கும். நடவு முடிந்த வயலில் உண்ணிக்கொக்கும் மடையானும் நிற்கும். வண்டியை ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போங்கள். அந்த வயல்களுக்கும் ஏரிக்கும் உள்ள உறவைப் பின்னால் சொல்கிறேன்.

காலையில் போவதா, மாலையில் போவதா?

முடிந்தால் இரண்டும். முடியாவிட்டால் மாலை.

இதைச் சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பறவை என்றாலே விடியற்காலை என்பது காட்டுக்குச் சரி. இங்கே நடப்பது வேறு. ஏரியில் இருப்பவை பெரும்பாலும் கூடு கட்டிக் குடித்தனம் நடத்தும் நீர்ப்பறவைகள். பெரியவர்கள் காலையில் இரை தேடிச் சுற்றுவட்டார வயல்களுக்கும் ஏரிகளுக்கும் பறந்துவிடும். மார்கழிக் காலையில் பனிமூட்டமும் சேர்ந்துகொண்டால் எட்டு மணி வரை மரங்களின் நிழலுருவம்தான் தெரியும், சத்தம் மட்டும் கேட்கும். அதுவும் ஒரு அனுபவம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் முறை வருகிறவருக்கு மாலை நான்கு மணிக்கு மேல்தான் இந்த ஏரி தன்னைக் காட்டிக்கொடுக்கும். வானத்தின் நான்கு பக்கமிருந்தும் வரிசை வரிசையாக வீடு திரும்புவார்கள். அரிவாள் மூக்கன்கள் கோடு இழுத்தாற்போல வரும். நாரைகள் உயரத்திலிருந்து வட்டமடித்துக் காலைத் தொங்கவிட்டு இறங்கும். இறங்கிய ஒவ்வொன்றையும் கூட்டில் இருப்பது வாயைத் தட்டி வரவேற்கும்.

நான் செய்வது இது: காலை ஆறரைக்குப் போய் ஒன்பது வரை கரையில் நிற்பேன். பிறகு கரிக்கிலி ஏரிக்குப் போய்விட்டு, மதியம் எங்காவது மரத்தடியில் சாப்பிட்டு, மூன்றரைக்கு மீண்டும் வேடந்தாங்கல் வருவேன்.

இந்தப் பறவைகள் எல்லாம் ஆஸ்திரேலியா, சைபீரியாவிலிருந்து குஞ்சு பொரிக்க இங்கே வருகின்றனவாமே?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்று சொல்லலாம்.

ஆண்டுதோறும் "வெளிநாட்டுப் பறவைகள் இனப்பெருக்கத்துக்காக வேடந்தாங்கலில் குவிந்தன" என்று செய்தி வருகிறது. பள்ளியிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் வெகுகாலம் அதை நம்பினேன். உண்மை இதற்கு நேர்மாறானது. இந்த மரங்களில் கூடு கட்டியிருக்கும் நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, சாம்பல் நாரை, கொக்குகள் எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். நாடு விட்டு நாடு வந்து இங்கே கூடு கட்டுவதில்லை. கூடு கட்டாத மாதங்களில் ஆந்திரத்திலோ காவிரிப் படுகையிலோ, சில சமயம் பக்கத்துத் தாலுகாவிலோ தண்ணீர் இருக்கும் இடம் பார்த்துச் சுற்றிக்கொண்டிருக்கும். உள்நாட்டுக்குள்ளேயே சில வெகுதூரம் போகும். ராஜஸ்தானின் பரத்பூரில் காலில் வளையமிட்ட நத்தைகுத்தி ஒன்று 800 கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்ததாகப் பதிவு உண்டு. ஆனாலும் அது நம்மூர்க்காரர்தான்.

கடல் தாண்டி, இமயம் தாண்டி வருகிற பறவைகளும் குளிர்காலத்தில் இங்கே உண்டு. வாத்துகளில் பல, உள்ளான்கள், வாலாட்டிகள், தகைவிலான்கள் எல்லாம் அந்த வகை. அவற்றில் ஒன்றுகூட இங்கே கூடு கட்டுவதில்லை. வடக்கே கோடை வந்ததும் திரும்பிப் போய் அங்கேதான் முட்டையிடும். இங்கே வருவது பசியாறவும் குளிருக்குத் தப்பவும் மட்டும்.

மழைதான் இதில் நாள் குறிக்கிறது. பரத்பூரில் மஞ்சள்மூக்கு நாரை ஆகஸ்ட், செப்டம்பரில் கூடு கட்டத் தொடங்குகிறது, ஏனென்றால் அங்கே தென்மேற்குப் பருவமழை. அதே நாரை நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை முடிகிற வரை காத்திருக்கிறது. குஞ்சு வாயைத் திறக்கும் நேரத்தில் வயலில் நத்தையும் வாய்க்காலில் மீனும் தவளையும் நிறைந்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

யார் எங்கிருந்து வந்தால் என்ன, பார்க்க அழகாக இருக்கிறதல்லவா என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கு அப்படி விட்டுவிட முடியவில்லை. வெளிநாட்டு விருந்தாளி என்று நினைக்கிறவரை, அது எங்கிருந்தோ வரும், போகும், நமக்கென்ன என்றுதான் தோன்றும். இவர்கள் உத்திரமேரூர் ஏரியிலும் உங்கள் ஊர்க் குட்டையிலும் மீதி ஆண்டைக் கழிப்பவர்கள் என்று தெரிந்தால், அந்தக் குட்டையைத் தூர்க்கும்போது யார் வீட்டை இடிக்கிறோம் என்பதும் தெரியும்.

அப்படியானால் வலசை வரும் பறவைகளை எங்கே பார்ப்பது?

கரிக்கிலிக்குப் போங்கள். வேடந்தாங்கலிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். ஏறத்தாழ 61 ஹெக்டேர், வேடந்தாங்கலைப் போல இரண்டு மடங்கு. 1989-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வேடந்தாங்கலுக்கு வரும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாது. அதனாலேயே அங்கே அமைதி அதிகம்.

கரிக்கிலியில் திறந்த நீர்ப்பரப்பும் ஆழமில்லாத சேற்று விளிம்பும் உண்டு. வாத்துகளுக்கும் உள்ளான்களுக்கும் அதுதான் பிடிக்கும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் மூன்றையும் நான் அங்கே ஒரே காலையில் பார்த்திருக்கிறேன். நீலச்சிறகி ஆணுக்குப் புருவம்போல ஒரு வெள்ளைக் கோடு உண்டு என்று படங்களில் பார்த்துவிட்டு டிசம்பரில் தேடினால் ஏமாறுவீர்கள். அப்போது ஆணும் பெண்ணைப் போல மங்கிய பழுப்பாக இருக்கும். பிப்ரவரி நெருங்க நெருங்கத்தான் அந்தப் புருவம் தெளியும்.

சேற்று விளிம்பில் ஓயாமல் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு ஓடுவது உள்ளான். அதைவிட உயரமாக, முதுகில் வெள்ளைப் புள்ளி தெளித்தாற்போல இருப்பது பொரி உள்ளான். சிவந்த நெடுங்காலோடு நாட்டியக்காரிபோல நடப்பது பவளக்காலி. இது வலசைப் பறவை இல்லை, உள்ளூர்தான். திடீரென்று வாத்துக்கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் எழும்பினால் வானத்தைப் பாருங்கள். சேற்றுப் பூனைப்பருந்து நாணலை உரசினாற்போலத் தாழப் பறந்து வந்துகொண்டிருக்கும். ஒருமுறை அந்தக் கலவரம் அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை நான் எண்ணி வைத்திருந்த வாத்துக் கணக்கு குலைந்துபோய், முதலிலிருந்து எண்ணினேன்.

எனக்குக் கொக்குக்கும் நாரைக்கும்கூட வித்தியாசம் தெரியாது. எப்படி அடையாளம் காண்பது?

நிறத்தைப் பார்க்காதீர்கள். முதலில் அலகைப் பாருங்கள். நீர்ப்பறவைகளின் அலகு அவற்றின் தொழிற்கருவி. அதைப் பார்த்தால் அது என்ன தின்னும், எங்கே நிற்கும் என்று தெரிந்துவிடும், பெயர் தானாக வரும். தமிழ்ப் பெயர்களில் பலவும் அலகைப் பார்த்து வைத்தவைதான்.

நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாது. மேலும் கீழும் சேராமல் ஒரு இடைவெளி, பாக்குவெட்டிபோல இருக்கும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் உண்டாகும். நத்தையின் ஓட்டை உடைக்காமல், கீழ் அலகின் கூர்நுனியை உள்ளே செலுத்திச் சதையைப் பிரித்தெடுத்துவிடும். வேடந்தாங்கலில் எண்ணிக்கையில் முன்னால் நிற்பவர்களில் ஒருவர் இவர். அழுக்கு வெள்ளை உடம்பு, கருத்த இறக்கை.

மஞ்சள்மூக்கு நாரை, சங்குவளை நாரை என்றும் சொல்வார்கள். நீண்ட மஞ்சள் அலகு நுனியில் லேசாக வளைந்திருக்கும். வால் பக்கத்தில் யாரோ ரோஜா நிறத்தை ஒற்றி எடுத்தாற்போல இருக்கும். மாலை வெயிலில் அந்த நிறத்தைப் பார்ப்பதற்காகவே வரலாம். பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நடக்கும். மீன் தொட்டதும் அலகு மூடிக்கொள்ளும்.

கரண்டிவாயனுக்குப் பெயரே போதும். தட்டையான அகப்பையை வலமும் இடமும் வீசிக்கொண்டே தண்ணீரைத் துழாவும். வெள்ளை அரிவாள் மூக்கனின் வளைந்த கருத்த அலகு சேற்றைக் குத்திப் பார்ப்பதற்கு. தலையும் கழுத்தும் மொட்டைக் கருப்பு. கூழைக்கடாவின் அலகின் கீழே தொங்கும் பை, மீனை அள்ளித் தண்ணீரை வடிப்பதற்கு. அவ்வளவு பெரிய உடம்பு மெல்லிய கிளை உச்சியில் வந்து உட்கார்வதைப் பார்க்கும்போது கிளைக்காக எனக்கு வயிறு கலங்கும்.

நீர்க்காகமும் பாம்புத்தாராவும் புதியவர்களைக் குழப்பும் இணை. இரண்டும் கருப்பு, இரண்டும் முங்கி மீன் பிடிக்கும், இரண்டும் இறக்கையை விரித்துக் காயப்போட்டு நிற்கும். மறுபடியும் அலகுதான் வழி. நீர்க்காகத்தின் அலகு நுனியில் கொக்கி. பாம்புத்தாராவுக்கு நேரான ஈட்டி. நீந்தும்போது கழுத்து மட்டும் தண்ணீருக்கு மேலே நெளிவதால் அந்தப் பெயர். மீனைக் குத்திப் பிடித்து, மேலே வந்து தூக்கிப் போட்டுத் தலைப்பக்கமாக விழுங்கும். இதை ஒரு தடவை நேரில் பார்த்த பிள்ளைகள் அதன் பெயரை மறந்து நான் கண்டதில்லை.

கொக்குக்கும் நாரைக்கும் ஒரு எளிய வழி: பறக்கும்போது கழுத்தைப் பாருங்கள். கொக்கு கழுத்தை மடித்து உள்ளே இழுத்துக்கொண்டு பறக்கும். நத்தைகுத்தியும் மஞ்சள்மூக்கு நாரையும் கழுத்தை முன்னே நீட்டிப் பறக்கும். இதன்படி பார்த்தால் நாம் சாம்பல் நாரை என்று அழைப்பது உண்மையில் கொக்கு வகை. பறக்கும்போது அது கழுத்தை மடக்குவதைப் பார்க்கலாம். பழகிய பெயர், அப்படியே இருக்கட்டும்.

என்ன பைனாகுலர் வாங்குவது?

முதல் தடவைக்கு வாங்க வேண்டாம், யாரிடமாவது இரவல் வாங்குங்கள். பார்வை கோபுரத்தில் வனத்துறையின் தொலைநோக்கியும் சில சமயம் இருக்கும். வாங்குவதானால் 8x42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, அடுத்தது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 8-க்கு மேலே போனால் கை நடுக்கம் படத்தில் தெரியும். மாலை வெளிச்சம் மங்கும்போது 42 தரும் தெளிவு 25-இல் கிடைக்காது. "50x" என்று போட்டு மலிவாக விற்பதை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

கேமரா கொண்டு போகலாமா?

தாராளமாக. 400 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் கூடுகள் நன்றாகக் கிடைக்கும். வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி கரையில் இடம் பார்த்து நில்லுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். அனுமதியில்லாமல் சரணாலயத்தில் ட்ரோன் பறக்கவிடுவது சட்டப்படி குற்றம். பறவையை வரவழைக்கக் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிடும் பழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கூட்டில் முட்டையோடு இருக்கும் பறவை ஒரு எதிரி வந்ததாக நினைத்து எழுந்து வந்தால், வெயிலில் கிடக்கும் முட்டைக்கு யார் பொறுப்பு?

கைதட்டி, கூச்சல் போட்டுப் பறக்கும் படம் எடுக்க முயல்பவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்வேன். பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஊர்க்காரர்கள் வெள்ளைக்காரர்களிடமே சண்டை போட்டுப் பறவைகளைக் காப்பாற்றினார்கள் என்பது கதையா, உண்மையா?

உண்மை. பெயரிலேயே முரண் இருப்பதைக் கவனியுங்கள். தாங்கல் என்றால் சிறிய ஏரி. வேடர்களின் தாங்கல், வேடந்தாங்கல். உள்ளூர் ஜமீன்தார்கள் வேட்டையாடிய இடம் என்பார்கள். அந்த ஊரே பின்னால் துப்பாக்கிக்கு எதிராக நின்றது.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சிப்பாய்கள் வந்து ஏரியில் பறவைகளைச் சுட்டார்கள். ஊர்மக்கள் செங்கல்பட்டுக்குப் போய்க் கலெக்டரிடம் முறையிட்டார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் லயனெல் பிளேஸ். 1790-களின் கடைசியில் அவர் ஒரு கௌல் எழுதிக் கொடுத்தார், அதாவது உரிமைப் பத்திரம். ஏரியில் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று ஊருக்குக் கிடைத்த அதிகாரம் அது. நாட்டில் வனவிலங்குச் சட்டம் வந்தது 1972-இல் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். 1936-இல் அரசு இதைச் சரணாலயமாக ஏற்றது. 2022-இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

லயனெல் பிளேஸ் என்ற பெயரை எங்கோ கேட்டதுபோல இருக்கிறதா? மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயில் கதையில் வரும் கலெக்டர் இவரேதான். பெருமழையில் ஏரி உடையப் போகிறது என்று இரவில் பார்க்கப் போனவர், கரையில் வில்லேந்தி இருவர் காவல் நிற்பதைக் கண்டதாகவும், கரை பிழைத்ததற்கு நன்றியாகத் தாயார் சன்னிதியைக் கட்டிக் கொடுத்ததாகவும் சொல்வார்கள். வேடந்தாங்கலிலிருந்து திரும்பும் வழியில் மதுராந்தகம் போய், அந்தக் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஏரியின் அருமை தெரிந்த சீமையில் நிற்கிறோம் என்று தோன்றும்.

இன்றும் ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள் உள்ள வீட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பார்த்தால் தெரியும்.

ஊருக்கு இதனால் என்ன லாபம்? ஏரிப்பக்கம் நாற்றம் அடிக்கிறதே?

அந்த நாற்றம்தான் லாபம். ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் மரங்களிலிருந்து தண்ணீரில் விழுகிறது. தழைச்சத்து நிறைந்த அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகிறது. ஊரார் இதைப் பரம்பரை பரம்பரையாக அறிந்திருக்கிறார்கள். "இந்தத் தண்ணி பாயிற வயலுக்கு உரம் கொறச்சலாப் போட்டாப் போதுங்க, நெல்லு தானா நிக்கும்" என்று ஒரு பெரியவர் கரையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார். கையில் வைத்திருந்த வேப்பங்குச்சியால் மதகு இருக்கும் திசையைக் காட்டினார்.

கணக்கு இரு பக்கமும் நேராக இருக்கிறது. நத்தைகுத்தி வயலில் நத்தையையும் நண்டையும் தின்று பயிரைக் காக்கிறது, ஏரிக்கு வந்து எருவும் போடுகிறது. ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்களும் கருவேல மரங்களும் கூடு தாங்குகின்றன. அரைத் தண்ணீரில் நின்றே வளரும் மரங்கள் இவை. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் பூனையும் பாம்பும் எளிதில் கூட்டை எட்ட முடியாது. ஏரி வற்றினால் அந்த அகழியும் போய்விடும்.

குழந்தைகளுக்குப் பிடிக்குமா?

ஓரிடத்தில் உட்கார வைத்தால் பிடிக்கும். கரை முழுவதும் நடத்தினால் பிடிக்காது. ஒரு கூட்டைத் தேர்ந்தெடுத்து அரை மணி நேரம் அதையே பார்க்கச் சொல்லுங்கள். அப்பா பறவை குச்சி கொண்டு வரும், அம்மா அதைச் செருகும், பக்கத்து வீட்டுக்காரர் யாரும் பார்க்காதபோது அந்தக் குச்சியை உருவுவார். உச்சி வெயிலில் குஞ்சுகள் மேல் இறக்கையைக் குடையாக விரித்து அசையாமல் நிற்கும் நாரையையும் காட்டுங்கள். என் தங்கை மகள் அதைப் பார்த்துவிட்டு, "அதுக்குக் கை வலிக்காதா மாமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இருவரும் அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடிகாரம் பார்த்தோம். நாங்கள் நிழலுக்குப் போனோம், அது போகவில்லை.

என்ன உடுத்துவது, என்ன எடுத்துப் போவது?

பச்சை, பழுப்பு, சாம்பல் நிற உடை. தொப்பி. காலைப் பனிக்கு ஒரு சால்வை, பத்து மணிக்கே வெயில் ஏறிவிடும் என்பதால் தண்ணீர். வாசலில் சிறு கடைகள் உண்டு, ஆனாலும் புளிசாதமோ இட்லியோ கட்டிக்கொண்டு போங்கள். கொண்டு போன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டு வாருங்கள். ஒரு சிறு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

மழை பொய்த்த ஆண்டில் போனால்?

ஏமாற்றம்தான். ஏரியில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் நாரைகள் வந்து பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போய்விடும். அந்த ஆண்டுகளில் சென்னைக்குள்ளேயே இருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போங்கள். சாலையோரத்திலிருந்தே நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, பவளக்காலி எல்லாம் தெரியும். தெற்கே இருப்பவர்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம் இருக்கிறது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தை அங்கே பார்க்க வாய்ப்புண்டு.

பார்த்ததை எழுதி வைப்பதால் யாருக்காவது பயன் உண்டா?

நிச்சயம் உண்டு. ஈபேர்ட் செயலியில் கால் மணி நேரம் பார்த்ததைப் பட்டியலாகப் பதிவிட்டாலே போதும், அது அறிவியல் தரவாகிவிடுகிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-இலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. பொங்கல் விடுமுறையில் தமிழ்ப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் உண்டு. அதில் உங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே கலந்துகொள்ளலாம். காகத்தையும் மைனாவையும் எண்ணுவதில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். சிட்டுக்குருவியையும் யாரும் எண்ணவில்லை. குறைந்த பிறகுதான், முன்னே எத்தனை இருந்தன என்று கேட்டோம்.

தெரியாத பறவையைத் தெரியாதது என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய ஒரு பெயர், எழுதாமல் விட்டதைவிடக் கெடுதல்.

சரணாலயம் பாதுகாப்பாகத்தானே இருக்கிறது? பிறகு ஏன் கவலைப்படுகிறீர்கள்?

வேடந்தாங்கல் ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். அது படுக்கையறை. சமையலறை வெளியே, சுற்றியுள்ள ஏரிகளிலும் வயல்களிலும் இருக்கிறது. அதனால்தான் 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்தையும் சேர்த்துச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2020-இல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்க ஒரு முன்மொழிவு வந்தது. மக்களும் பறவை ஆர்வலர்களும் கடுமையாக எதிர்த்தார்கள், அது நடைமுறைக்கு வரவில்லை.

ஆனால் வரைபடத்தில் கோடு அப்படியே இருந்தாலும் கோட்டுக்கு வெளியே நிலம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஜிஎஸ்டி சாலையின் இரு பக்கமும் நான் முதலில் போனபோது பார்த்த வயல்கள் இன்று கொடி நட்ட மனைகள். ஒரு வயல் மனையாகும்போது அங்கே நத்தை பொறுக்கிய நாரை இன்னும் சற்றுத் தூரம் பறக்க வேண்டும். குஞ்சு அதுவரை காத்திருக்க வேண்டும். எத்தனை கிலோமீட்டர் வரை ஒரு தாய் அப்படிப் பறந்து திரும்பும் என்பதுதான் என் கவலை. படாளத்தில் கண்ணாடியை இறக்கச் சொன்னது இதற்காகத்தான்.

மாலை எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?

வாயில் காவலர் வந்து சொல்கிற வரை இருங்கள். ஐந்தே முக்கால் வாக்கில் ஏரி ஏறக்குறைய நிரம்பிவிடும், கிளைக்குக் கிளை இடச்சண்டை நடக்கும். கூட்டம் கலைந்து கரை வெறிச்சோடும். அப்போதுதான் பகல் முழுவதும் இலைக்குள் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்த வக்காக்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். இரவில் இரை தேடும் கொக்கு இனம். சிவந்த கண், கருத்த முதுகு. எல்லாரும் வீடு திரும்பும் நேரத்தில் இவர்கள் வேலைக்குக் கிளம்புவார்கள். வண்டிகள் நிற்கும் இடத்துக்கு நீங்கள் நடந்து வரும்போது தலைக்கு மேலே இருட்டில் "வக்" என்று ஒரு குரல் கேட்கும். நோட்டில் கடைசிப் பெயராக அதை எழுதிக்கொள்ளுங்கள்.